இருட்டைப் பிடிப்பவர்கள் – 9: நூறு தடவை மங்கும் விளக்கு

எஃப் 2.8 லென்ஸும் ஐஎஸ்ஓ 3200-க்கு அஞ்சாத மனசும் போன வாரக் கட்டுரையிலேயே வந்துவிட்டன. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் தெருக்கூத்தில் வேஷக்காரர் கிறிக்கி அடித்துச் சுழலும்போது படம் எடுப்பதைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். எல்இடி வந்து வழிமறித்துவிட்டது.

செய்யாறு பக்கம், திரௌபதி அம்மன் திருவிழா, கர்ண மோட்சம். திரைக்குப் பின்னால் நின்று பாடி முடித்த கர்ணன் திரையை விலக்கிக்கொண்டு பாய்கிறார். ஷட்டர் 1/800, சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டர். படத்தைப் பார்த்தால் கிரீடத்தில் ஒட்டிய கண்ணாடிச் சில்லு ஒவ்வொன்றும் தெளிவு, தோளில் கட்டிய புஜக்கீர்த்தி தெளிவு. ஆனால் கண்ணுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை, மார்புப் பதக்கத்தின் மேல் இன்னொன்று. அடுத்த படத்தில் அதே பட்டை முழங்காலுக்கு இறங்கியிருக்கிறது. கேமராவை நட்டுக்குத்தலாகப் பிடித்தால் பட்டையும் நட்டுக்குத்தலாக நிற்கிறது.

கேமராவில் கோளாறில்லை. நம் ஊர் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை பூஜ்யத்தைத் தொடுகிறது. ஆக, மலிவான எல்இடி வினாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. ஹாலஜன் விளக்கின் இழை, சூடு ஆறுவதற்குள் அடுத்த மின்சாரம் வந்துவிடுவதால் பெரிதாக மங்குவதில்லை. எல்இடிக்கு அப்படி மிச்சச் சூடு கிடையாது. சாதாரண கேமராவின் சென்சாரோ, படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகத்தான் படிக்கும். பலவற்றில் அதற்கு 1/30 வினாடிக்குப் பக்கம் ஆகிறது. அதற்குள் விளக்கு மூன்று தடவை மங்கிவிடுகிறது. அந்த மூன்றும்தான் பட்டைகள். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினால் பட்டை போய், சில படங்களில் ஒரு பாதி மட்டும் இருண்டு வரும்.

ஷட்டரை 1/100-ல் வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழுத் துடிப்பு ஒளி கிடைத்துவிடும், பட்டை மறையும். ஆனால் 1/100-ல் கிறிக்கி அடிக்கிறவரின் பாவாடை வெறும் புகைதான். தவிர, கூத்துக்கு மின்சாரம் பெரும்பாலும் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. மைக் செட்டுக்காரர் ஒரு ஃபோகஸ் லைட்டைக் கூடப் போட்டால் ஜெனரேட்டர் திணறி, 50 கொஞ்சம் இறங்கும். மங்கலாகப் பட்டை திரும்ப எட்டிப் பார்க்கும். 2014-ல் கேனான் 7டி மார்க் 2 கேமராவில், விளக்கு உச்சத்தில் எரியும் நொடியைப் பார்த்து ஷட்டரைத் திறக்கும் வசதி வந்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் விளக்குக்காகக் காத்திருப்பதால் தொடர்ச்சியாகச் சுடும் வேகம் தடுமாறும்.

அன்று விடியற்காலம் மிருதங்கக்காரப் பெரியவர் ஒருவரிடம், “பெட்ரோமாக்ஸ் காலத்துல எப்படிங்கய்யா?” என்று கேட்டேன். “அப்ப ஏது தம்பி இந்த ரோதனை? காத்து கொறைஞ்சா பம்ப் அடிக்கணும். பூச்சி விழுந்தா மேண்டில் பொத்தலாயிடும். அவ்ளோதான்” என்றார்.

பெட்ரோமாக்ஸுக்குள் ஒளிரும் வலைப்பையான அந்த மேண்டிலைத் தேடிப்போனதில்தான் இந்த வாரம் முழுக்கப் போயிற்று. அதை உண்டாக்கியவர் ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். 1885-ல் முதலில் செய்ததன் வெளிச்சம் பச்சையடித்தது, விலை போகவில்லை. 1891-ல் சரியான கலவை கிடைத்தது: 99 பங்கு தோரியம் ஆக்ஸைடு, ஒரே ஒரு பங்கு சீரியம் ஆக்ஸைடு. அந்த ஒரு பங்கை எடுத்துவிட்டால் வெளிச்சம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது! சமையலில் உப்பு மாதிரி. சரி, தோரியம் எங்கே கிடைக்கும்? மோனசைட் மணலில். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயனவியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். மணல் வந்த இடத்தைத் தேடி அவர் வந்து சேர்ந்த ஊர் நம் மணவாளக்குறிச்சி. குமரிக் கடற்கரை மணல் மேண்டிலுக்காக ஜெர்மனிக்குக் கப்பலேறியது. முதல் உலகப்போரில் ஷோம்பெர்க்கின் மணல் தொழில் ஆங்கிலேயர் கைக்குப் போனது தனிக் கதை. மணவாளக்குறிச்சியில் இன்றைக்கும் மத்திய அரசு நிறுவனம் மணல் பிரிக்கிறது.

மேண்டில் எரிவது மண்ணெண்ணெய் ஆவியின் சூட்டில். மின்சாரச் சுற்று அதற்குக் கிடையாது. 1/800 என்ன, 1/2000-லும் பட்டை விழாது. வெளிச்சம் போதாது என்பது வேறு விஷயம். அந்தக்கால ஃபிலிமில் 1/30-ஐத் தாண்டுவதே பெரும்பாடு. வேகமான கேமரா வந்தபோது சீரான விளக்கு போய்விட்டது; எனக்கு இதில் ஆற்றாமைதான்.

கிறிக்கிக்கு இடம் போதவில்லை, அடுத்த வாரம் கட்டாயம். அதுவரை கூத்துக்குப் போகிறவர்கள் செல்போனை ஸ்லோ மோஷனில் வைத்து மேடை விளக்குகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். துடிக்காத விளக்கு ஒன்றாவது இருக்கும், பெரும்பாலும் பழைய ஹாலஜன். அது எந்தப் பக்கம் கட்டியிருக்கிறதோ அந்தப் பக்கமாகப் பாயை விரித்துக்கொள்ளுங்கள்.