குடியானவர் வீட்டுப் பிள்ளைகளும் கலாசாலைத் தேர்வும்

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதுவது)

உழவுமாடு வாங்கப் போகும் குடியானவர் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், ஏரில் பூட்டி நடத்தியும் பார்க்கிறார். ஆனால் பிளஸ் டூ தேறிய தம் பிள்ளையைக் கலாசாலையில் சேர்க்கும்பொழுது, பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்த இடமென்றோ, விளம்பரத்தில் கண்ட இடமென்றோ, ஒரே நாளில் பணத்தைக் கட்டிவிடுகிறார். அப்பணத்துக்காக நஞ்சையை ஈடு வைப்பவரும் உண்டு. ஆகையால், விவசாயத்தையும் அதைச் சார்ந்த படிப்புகளையும் நாடும் பிள்ளைகளுக்கு எந்தெந்தக் கலாசாலைகளுக்கு மனுச் செய்வது என்பதைப்பற்றிச் சில விஷயங்களை இங்கு எடுத்துரைப்போம்.

உள்ள கலாசாலைகள்

விவசாயப் படிப்பென்றால் கோயமுத்தூர் ஒன்றே என்ற எண்ணம் கிராமங்களில் இன்னும் நிலவுகிறது. 1868-ல் சைதாப்பேட்டையில் ஏற்பட்ட விவசாயப் பாடசாலை 1906-ல் கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டு, நெடுங்காலம் தனிப் பெருமையுடன் விளங்கியதே இதற்குக் காரணம். ஆனால் 1965-ல் மதுரையிலும், 1984-ல் கிள்ளிகுளத்திலும், பின்னர் திருச்சியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டிலும் விவசாயக் கலாசாலைகள் ஏற்பட்டன. தோட்டக்கலைக்குப் பெரியகுளமும், வனவியலுக்கு மேட்டுப்பாளையமும், விவசாயப் பொறியியலுக்குக் குமுளூரும் உண்டு. இவையனைத்தும் 1971-ல் ஸ்தாபிக்கப்பட்ட தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. இப்பல்கலைக்கழகத்தின் எந்த விவசாயக் கலாசாலையில் வாசித்தாலும் பட்டம் ஒன்றே. எனவே கோயமுத்தூர் கிடைக்கவில்லையென்று ஒரு வருஷத்தை வீணாக்குவது விவேகமன்று. இவையன்றி, அண்ணாமலை நகரில் விவசாயப் படிப்பும், சென்னை, நாமக்கல் முதலிய இடங்களில் கால்நடை வைத்தியப் படிப்பும், தூத்துக்குடியில் மீன்வளப் படிப்பும் உள்ளன.

விசாரிக்கவேண்டியவை

1. பிள்ளையின் மனப்போக்கு. விவசாயப் படிப்பு நான்கு வருஷம். கால்நடை வைத்தியமோ பயிற்சிக்காலம் உட்பட ஐந்தரை வருஷம். அத்தனை காலமும் வாசிக்கப்போவது பிள்ளையேயன்றித் தகப்பனார் அல்லர். கன்று ஈனும் பசுவுக்கு அருகில் இரவெல்லாம் விழித்திருக்கும் பெண்ணைப் பயிர்ப்படிப்புக்கு வற்புறுத்துவதும், மண்வாசனையில் பற்றுள்ள பையனைக் கால்நடைப் படிப்புக்குத் தள்ளுவதும் ஒருங்கே நஷ்டம். பெண் என்பதற்காக அருகிலுள்ள ஏதேனும் ஒரு கலாசாலையோடு நிறுத்துவதும் நியாயமன்று. விடுதி வசதியை நேரில் பார்த்துத் திருப்தியடைந்தபின் தூரத்தை ஒரு தடையாகக் கருதவேண்டியதில்லை.

2. அங்கீகாரம். தனியார் கலாசாலையாயின், அது எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் பெற்றதா என்பவற்றை எழுத்து மூலமாகக் கேட்டறியவேண்டும். அங்கீகாரமில்லாத பட்டத்தால் மேற்படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் இடையூறு நேரக்கூடும். பண்ணை எத்தனை ஏக்கர், பாசன வசதி யாது, மாணவர் தாமே சாகுபடி செய்கிறார்களா என்றும் பார்க்கவேண்டும். பிள்ளையை மூன்றாம் வருஷ மாணவர்களோடு தனியே பேசவிட்டால், விளம்பரத்தில் காணாத சங்கதிகள் வெளிப்படும்.

3. செலவு. சம்பளம் மட்டுமன்று, விடுதி, சாப்பாடு, புத்தகம், பிரயாணம் ஆகியவற்றையும் முழுப் படிப்புக் காலத்துக்கும் கூட்டிப் பார்த்தபின்னரே மனுச் செய்யவேண்டும். நிலத்தை விற்றுத்தான் வாசிக்கவேண்டுமென்றால், அக்கலாசாலையை ஜாபிதாவிலிருந்து நீக்கிவிடுவதே நலம்.

ஜாபிதா தயாரிக்கும் விதம்

மானாவாரிக் குடியானவர் தம் நிலம் முழுவதிலும் ஒரே பயிரை விதைப்பதில்லை. மழை மிகுந்தால் ஒன்று, குறைந்தால் ஒன்று என, எப்படியும் ஒரு வெள்ளாமை வீடு வந்து சேரும்படி விதைக்கிறார். மனுச் செய்வதிலும் இம்முறையே தக்கது. எதிர்பார்க்கும் மார்க்குக்குச் சற்று எட்டாத இடங்கள் இரண்டு, மார்க்குக்கு ஒத்த இடங்கள் மூன்று, நிச்சயமாகக் கிடைக்கும் இடங்கள் இரண்டு என எழுதிக்கொள்ளலாம். கடைசி இரண்டும் பிள்ளை மனமுவந்து சேரக்கூடியவையாக இருத்தல் அவசியம். கலந்தாய்வுக்கு விருப்ப வரிசை கொடுக்கும்போது, கிடைக்குமோ கிடைக்காதோ என்று எண்ணாமல், உண்மையில் விரும்பும் இடத்தையே முதலில் குறிக்கவேண்டும்.

காலமும் சான்றிதழும்

விவசாயப் படிப்பின் அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு 2023 முதல் மத்தியப் பொது நுழைவுப் பரீட்சை மூலம் மாணவர் சேர்க்கப்படுகின்றனர். அதற்கு மனுச் செய்யும் தவணை, பிளஸ் டூ முடிவு வெளிவருமுன்பே முடிந்துவிடுகிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசாங்கப் பள்ளியில் வாசித்தோருக்கு 2021-ஆம் வருஷச் சட்டப்படி 7.5 சதவீதம் இடஒதுக்கீடு உண்டு. சாதி, இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களைத் தை, மாசி மாதங்களிலேயே கேட்டு வாங்கிவைப்பது நன்று. கிராம அதிகாரிகள் இம்மனுக்களைத் தாமதமின்றி விசாரித்து அனுப்புவார்களாயின், பெரிய உபகாரமாகும். ஒரு கையெழுத்துக் காத்திருந்தமையால் ஒரு பிள்ளையின் வருஷம் கழிந்ததென்ற சொல் எந்தக் கிராமத்திலும் எழலாகாது.

நல்ல விதையும் பருவந் தவறினால் பலன் தராது. இவ்வருஷம் பிளஸ் டூ வாசிக்கும் பிள்ளையுள்ளோர் இன்றே ஒரு காகிதத்தை எடுத்து, பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு ஜாபிதாவை எழுதத் தொடங்குவார்களாக. சந்தேகமுள்ளோர் அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் விசாரித்துத் தெளிவு பெறலாம்.