கணிப்பின் அருமையும் பௌதிகமும்

பதுளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், விடியற்காலைப் பிரட்டுக்களத்திலே கங்காணி ஆட்களைப் பிரித்து மலைகளுக்கு அனுப்பும் வழக்கம் நெடுநாளையது. முப்பது பேரை இரு மலைகளுக்குப் பிரிக்க வேண்டுமெனக் கொள்வோம். சிலர் ஒருங்கே நிற்க விரும்புவர். சிலர் தம்முட் பிணங்கியவர். மனக்குறை மிகக் குறைந்த பிரிவு யாது? ஒவ்வொருவருக்கும் இரு மலைகளுள் ஒன்று என வைத்துக் கணித்தால், பிரிக்கும் வழிகள் 107 கோடிக்கு மேற்படும். ஓர் ஆள் கூடினால் அத்தொகை இரட்டிக்கும்.

ஒரு பிரிவைக் காட்டினால் அதன் குறைகளை எண்ணிவிடுதல் எளிது. குறை மிகச் சிறியதைத் தேடிக் காண்பதே அரிது. சரிபார்க்க எளியன யாவும் கண்டுபிடிக்கவும் எளியனவோ என்னும் வினாவை 1971 இல் ஸ்டீபன் குக் வரையறுத்துக் காட்டினார். கணிப்புச் சிக்கலியலின் தலையாய வினா இதுவே. 2000 இல் கிளே கணித நிறுவனம் பத்து இலட்சம் டாலர் பரிசு அறிவித்தும், விடை இன்னும் கிட்டிலது.

இவ்வினா பௌதிகத்திலும் எழுகின்றது. செம்பிற் சிறிதளவு மாங்கனீசு கலந்த உலோகத்தில், அணுக்கள் சிறு காந்தங்களாய் நிற்கின்றன. சில இணைகள் ஒரே திசையையும், சில எதிர்த்திசையையும் நாடும். எல்லாவற்றையும் ஒருங்கே நிறைவுறச் செய்தல் இயலாது. 1975 இல் எட்வர்ட்ஸ், அண்டர்சன் ஆகியோர் இத்தகைய பொருள்களுக்கு ஒரு கணித மாதிரியை வகுத்தனர். அணுவுக்கு மேல், கீழ் என இரு திசைகளே உண்டெனக் கொண்டால், மிகக் குறைந்த ஆற்றல் நிலையைத் தேடுதல் கங்காணியின் கணக்கேயாகும். முப்பரிமாண அமைப்பில் இது மிக அரிய கணக்குகளின் வகையைச் சார்ந்தது என 1982 இல் பரஹோனா நிறுவினார். இத்தகைய ஒழுங்கற்ற அமைப்புகளை ஆராய்ந்த பரீசிக்கு 2021 இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இயற்கையேனும் இதனை விரைந்து தீர்க்கின்றதோ? இல்லை. அப்பொருள்கள் குளிர்ந்த பின்னும் அந்நிலையை எய்தாது நெடுங்காலம் இடைநிலைகளிலேயே தங்கிவிடுகின்றன. குவாண்டம் கணினிக்கும் இவ்வகைக் கணக்குகள் அனைத்தையும் விரைந்து தீர்க்கும் வழி அறியப்படவில்லை.

இவ்விரு துறைகளையும் ஒரே கூரையின்கீழ்ப் பயில்வதற்குச் சென்னையில் 1962 இல் தோன்றிய கணித அறிவியல் நிறுவனம் இடமளிக்கின்றது. பதுளையிலும் 2005 இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பெரும்பொருட் செலவிலான கருவிகளின்றி, தாளும் எழுதுகோலும் கொண்டே தொடங்கத்தக்க ஆராய்ச்சி இது. ஆதலின் மலையக மாணவருக்கும் எட்டாததன்று.

முழுநிறைவான பிரிவைத் தேடாது, அனுபவத்தாற் போதிய நல்லதொன்றைக் கொண்டு நாளைத் தொடங்கும் கங்காணியின் செயல் அறியாமையன்று. கணக்கின் அருமை அறிந்தோர் கைக்கொள்ளும் நெறியும் அதுவேயாம்.