மெழுகு எரியும் தோட்டத்துக்கு வாரிசு யார்?

2021 ஏப்ரல் முதல் வாரம். மார்ச் கடைசியில் அடித்த வெயிலை நம்பி, பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் திராட்சைக் கொடிகள் அவசரப்பட்டுத் துளிர்த்திருந்தன. அதிலும் ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சை ஒரு முந்திரிக்கொட்டை. பக்கத்துத் தோட்டத்துக் கறுப்புத் திராட்சைக்கு முன்பே மொட்டு உடைத்துவிடும். அந்த நேரம் பார்த்து, அடுத்தடுத்த இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. குடும்பம் குடும்பமாக நடு இரவில் தோட்டத்தில் இறங்கி, கொடி வரிசைகளுக்கு நடுவே பாரஃபின் மெழுகு நிரப்பிய வாளிகளை ஏற்றினார்கள். ஒரு ஹெக்டேருக்கு, அதாவது இரண்டரை ஏக்கருக்கு, 300 முதல் 400 வாளி வேண்டும். ஓர் இரவுக்கு மேல் தாங்குவது அபூர்வம். அத்தனை பாடுபட்டும் அந்த ஆண்டு வெள்ளைத் திராட்சைக்குத்தான் அடி பலமாக விழுந்தது.

வடக்கே ஷாப்லி ஊரில் வைத்தியம் வேறு. உறைபனி இரவில் கொடிமேல் தண்ணீர் தெளிப்பார்கள். கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் தண்ணீர் உறையும்போது கொஞ்சம் வெப்பத்தை வெளியே விடும். விடாமல் தெளித்துக்கொண்டே இருந்தால், பனிக்கட்டிக்குள் சிக்கிய துளிர் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும், மேற்கொண்டு குளிராது. விடிந்ததும் பார்த்தால் ஒவ்வொரு பச்சைத் துளிரும் கண்ணாடிக்குள் அடைத்து வைத்ததுபோல் முழுசாக இருக்கும். நடுவில் பம்பு நின்றுபோனால் கதை கந்தல். நனைந்த துளிர், நனையாததைவிட மோசமாகக் கருகிவிடும். இந்தத் தெளிப்புக்காகவே அங்கே ஏரி வெட்டி வைத்திருக்கிறார்கள்.

 

இப்படிப் பாடுபட்டுக் காக்கும் திராட்சையில் செய்கிற 'பசுமை ஒயின்' இன்று நல்ல விலைக்குப் போகிற சரக்கு. மண்ணைக் கெடுக்காமல், தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் செய்யும் ஷார்டனே என்றால் உலகமே வரிசையில் நிற்கிறது. அந்தக் குடும்பங்கள் செய்கிற வேலையும் உண்மையானதுதான். வரிசைகளுக்கு நடுவே களைக்கொல்லி அடிக்காமல் புல் வளர விடுகிறார்கள். டிராக்டர் சக்கரம் மண்ணை இறுக்கிவிடும் என்று சிலர் குதிரை பூட்டி உழுகிறார்கள். கவாத்தைத் தள்ளிப்போட்டுத் துளிர்ப்பைத் தாமதப்படுத்திப் பார்க்கிறார்கள். காலம் மாறிவிட்டது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்கண்டியின் நடுநாயகமான போன் நகரில் 1354 முதல் திராட்சை அறுவடைத் தேதிக் கணக்கு இருக்கிறது. 1988-க்குப் பிறகு அறுவடை, அதற்கு முந்தைய ஆறு நூற்றாண்டுச் சராசரியைவிட ஏறக்குறைய 13 நாள் முந்திவிட்டது.

இயற்கை விவசாயம் என்றாலும் மருந்தே இல்லாத விவசாயம் அல்ல. நம் திராட்சைக்காரர்களுக்கும் பழக்கமான அதே போர்டோ கலவைதான், மயில்துத்தமும் சுண்ணாம்பும், அங்கேயும் அடிச்சாம்பல் நோய்க்குக் கேடயம். தாமிரம் மண்ணில் தங்கிவிடும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுக்குச் சேர்த்து ஹெக்டேருக்கு 28 கிலோ என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2024 மாதிரி ஓயாமல் மழை பெய்கிற ஆண்டில், அடித்த மருந்தை மழை கழுவிக்கொண்டு போகும். மறுபடி அடிக்க வேண்டும். வரம்பு ஒரு பக்கம், நோய் ஒரு பக்கம். வழக்கமான தோட்டத்திலிருந்து இயற்கை முறைக்கு மாறவே மூன்று ஆண்டு ஆகும். அந்த மூன்று ஆண்டும் செலவு இயற்கை விவசாயச் செலவு, முத்திரை மட்டும் கிடையாது.

இத்தனையையும் தாங்குவது யார்? நாளைக்கு என் பேரன் இந்த மண்ணை உழுவான் என்று நம்புகிறவன். அந்த நம்பிக்கைதான் ஆட்டம் காண்கிறது. முத்திரை வழங்குகிறவர்களின் படிவங்களில் தாமிரம் எத்தனை கிலோ, பூச்சிமருந்து எத்தனை தடவை என்று கேட்கிறார்கள். அடுத்து இந்த நிலம் யாருக்கு என்று கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

1804-ஆம் ஆண்டு பிரெஞ்சுச் சட்டத் தொகுப்பு, பிள்ளைகளுக்குச் சொத்தில் சம பங்கு என்றது. நியாயமான சட்டம். அதன் விளைவை மோன்ராஷே தோட்டத்தில் பார்க்கலாம். உலகின் ஆகப் பெரிய பெயர் பெற்ற ஷார்டனே நிலம் அது. மொத்தமே சுமார் 8 ஹெக்டேர். அதற்குப் பதினைந்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள். சிலர் பங்குக்குச் சில வரிசைக் கொடிகள்தான். பாகப்பிரிவினை என்றால் என்னவென்று நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இதற்குமேல் விலை. மோன்ராஷே இருக்கும் மலைச்சரிவில் ஆக உயர்ந்த தர நிலம் ஹெக்டேருக்குச் சராசரியே 60 லட்சம் யூரோவுக்கு மேல். நம் கணக்கில் ஐம்பது கோடி ரூபாயைத் தாண்டும். 2015-இல் அந்தச் சரிவின் திராட்சை மனைகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டன. பெற்றோர் காலமானால் பிள்ளைகள் கட்டும் வாரிசு வரி இந்தச் சந்தை மதிப்பின் மீதுதான். ஒரு பிள்ளையின் பங்கில் சுமார் 18 லட்சம் யூரோவைத் தாண்டும் பகுதிக்கு 45 விழுக்காடு. நிலம் கோடிகளில், கையில் இருப்பதோ ஒயின் விற்ற காசு, அதுவும் உறைபனி விட்டுவைத்த ஆண்டில்.

ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி தோட்டத்தில் நிற்கிறாள். அண்ணன் பாரிசில் வேலை, தம்பி எங்கோ வெளிநாட்டில். அவர்கள் பங்குக்கு இவள் பணம் கொடுக்க வேண்டும், வரியும் கட்ட வேண்டும், வங்கிக் கடனும் இருக்கிறது. மழைக்கால நோய் வந்தால் குதிரையையும் புல்லையும் பார்ப்பாளா, சுலபமாக வேலை முடிக்கும் ரசாயன மருந்தைப் பார்ப்பாளா? மண்ணை நன்றாக வைத்திருந்தால் ஒயினுக்குப் பேர் வரும். பேர் வந்தால் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறினால் வாரிசு தலையில் சுமை ஏறும். வாங்குவதற்குப் பெரும் பணக்காரர்கள் காத்திருக்கிறார்கள். விற்ற பிறகும் லேபிளில் பழைய குடும்பப் பெயரே இருக்கலாம். குடிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

நீண்டகாலக் குத்தகையில் விட்ட நிலத்துக்கு வரிச்சலுகை உண்டு, குடும்பமே கூட்டாக நிறுவனம் அமைத்துப் பங்குகளாகப் பிரித்துக்கொள்ளலாம், பணக்கார முதலாளிதான் தயங்காமல் இயற்கை முறைக்கு மாறுவார் என்றெல்லாம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். பங்குப் பத்திரம் வைத்திருக்கிற அண்ணன் தம்பிகள் ஆண்டுக்கு ஒரு தடவை லாபம் கேட்பார்கள். ஏப்ரல் மாத நடு இரவில் வாளி ஏற்ற வரமாட்டார்கள்.

கையில் காசில்லாத இளசுகள் சிலர் தெற்கே மாக்கோன் பக்கம் போகிறார்கள். ஷார்டனே என்ற பெயரிலேயே ஒரு கிராமம் அங்கேதான் இருக்கிறது. நிலத்தின் விலை மேலே சொன்னதில் ஒரு சிறு பங்குதான். அதே சுண்ணாம்பு மண், அதே திராட்சை. குத்தகைக்கும் கிடைக்கும், கடன் வாங்கி வாங்கவும் முடியும். குடும்ப ஒயின் என்பது இனி அங்கேதான் பிழைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2020-இல் அந்த வட்டாரத்தின் புயி-ஃபுவிசே பகுதியில் 22 தோட்டங்களுக்கு முதன்முறையாக 'பிரீமியர் க்ரூ' என்ற உயர்தரத் தகுதி கிடைத்தது. பல ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த மரியாதை, சந்தோஷமான செய்திதான். படித்ததும் என் புத்தி போனது பத்திரப் பதிவு மதிப்பின் பக்கம்.