பசும்புல் வெளியில் ஓர் ஆசிரியப் பணி

விளையாட்டையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் பிள்ளையிடம் பெற்றோர் முதலில் கேட்பது, ‘வெற்றி கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்?’ என்பதைத்தான். அச்சத்தில் பிறந்த கேள்வியாயினும் அது நியாயமானதே. கோல்ஃப் ஆட்டத்தைப் பொறுத்தவரை அதற்கு மதிப்புமிக்க விடை ஒன்று உண்டு. அந்த ஆட்டத்தைப் பிறருக்குக் கற்பிக்கும் ஆசிரியராகலாம் என்பதே அது. தோற்றவர்களுக்குக் கிடைக்கும் ஆறுதல் பரிசாக இதனைக் கருதுவது தவறு. தனித் திறனும் தனிப் பயிற்சியும் நீண்ட பொறுமையும் வேண்டும் தொழில் இது. அதன் இயல்பையும் வருவாயையும் இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

பழைய ஆட்டம், புதிய மாணவர்கள்

கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829-இல் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதனினும் பழைய கோல்ஃப் கிளப் வேறில்லை. பெங்களூரில் 1876-இலும் கொடைக்கானலில் 1895-இலும் கிளப்புகள் தோன்றின. நெடுங்காலம் இது அதிகாரிகளும் செல்வந்தரும் ஆடும் ஆட்டமாகவே இருந்தது. அவர்களுடைய மட்டைப் பையைச் சுமந்து நடந்த கேடிகள், பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டனர். அவ்வாறு கேடியாகத் தொடங்கிய அலி ஷேர், 1991-இல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்றார். அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அவரே. 1993-இல் மீண்டும் வென்றார்.

112 ஆண்டுகளுக்குப் பின் 2016-இல் கோல்ஃப் ஒலிம்பிக் களத்திற்குத் திரும்பியது. பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக், 18 வயதில் அங்கு ஆடினார். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் நான்காம் இடம் பெற்றபோது, இந்த ஆட்டத்தை ஒருமுறையும் கண்டிராத வீடுகளிலும் விடியற்காலையில் தொலைக்காட்சி ஒளிர்ந்தது. கிளப் உறுப்பினர் அல்லாதோரும் கட்டணம் செலுத்தி ஆடும் பொது மைதானங்களும் உள்ளன. டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் குதுப் கோல்ஃப் மைதானம் அவற்றுள் ஒன்று. பள்ளிச் சிறுவர், பணி ஓய்வு பெற்றோர், அலுவலக நண்பர்களுடன் ஆட விரும்புவோர் எனப் பலதரப்பட்டோரும் இன்று கற்க வருகின்றனர்.

வீரரின் கணக்கு, ஆசிரியரின் கணக்கு

தொழில்முறைப் போட்டி பொதுவாக நான்கு நாள் நடைபெறும். முதல் இரண்டு நாள் ஆட்டத்திற்குப் பின், பட்டியலின் மேற்பகுதியில் உள்ளோர் மட்டுமே தொடர்ந்து ஆடுவர். ஏனையோருக்குப் பரிசுப் பணம் இல்லை. ஆனால் பயணம், தங்குமிடம், நுழைவுக் கட்டணம், கேடிக்கான ஊதியம் ஆகிய செலவுகள் இரு சாராருக்கும் பொதுவானவை. சில ஆண்டுகள் இவ்வாறு கழியும்போது, திறமையுள்ள இளைஞரின் கையிருப்பும் கரைகிறது, மனமும் சோர்கிறது.

ஆசிரியரின் வருவாயோ பாடத்திற்குப் பாடம் சேர்வது. பெருந்தொகை ஒரே நாளில் வாராது. எனினும் ஓர் இரவில் இல்லாமலும் போகாது. புகழும் பெரும்பாலும் மாணவரையே சேரும். அனிர்பன் லாஹிரி 2015-இல் இந்தியன் ஓபனை வென்று, அதே ஆண்டு அமெரிக்காவின் பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அவருடைய பயிற்றுநர் விஜய் திவேச்சாவின் பெயரைப் பரிசுப் பட்டியலில் காண முடியாது. இந்த நிலையில் மனநிறைவு காண இயலுமா என்பதைத் தொழிலுக்குள் நுழையுமுன் ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கற்பித்தலின் நுட்பம்

நன்றாக ஆடுபவரெல்லாம் நன்றாகக் கற்பித்துவிடுவதில்லை. புதிதாக வருபவர் பந்தை மேலே எழுப்ப வேண்டும் என்று எண்ணி மட்டையால் அதனை அள்ளி வீச முயல்வார். பந்து தரையிலேயே உருளும். இரும்பு மட்டையின் முகம் முன்னரே சாய்வாக அமைக்கப்பட்டுள்ளது. மட்டை கீழ்நோக்கி வந்து பந்தைத் தொட்டால், அந்தச் சாய்வே பந்தை உயர்த்திவிடும். இதனை ஆசிரியர் நன்கறிவார். ஆயினும் அறிந்ததனைத்தையும் ஒரே மணி நேரத்தில் சொல்லிவிட்டால் மாணவர் குழம்பிப் போவார். பத்துப் பிழைகளைக் கண்டு, ஒன்றை மட்டும் தேர்ந்து திருத்துவதிலேயே ஆசிரியரின் தேர்ச்சி வெளிப்படுகிறது.

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் சிறுவயதில் கேடியாகத் தொடங்கிய ஹார்வி பெனிக், வாழ்நாள் முழுவதும் ஆசிரியராகவே விளங்கினார். ஆட்டத்தைக் குழியிலிருந்து பின்னோக்கிக் கற்க வேண்டும் என்பது அவர் முறை. 108 மில்லிமீட்டர் அகலமுள்ள குழிக்கு அருகே நின்று சிறு தள்ளல்களை முதலில் பழக வேண்டும். நெடுந்தொலைவு அடிப்பது பின்னர் வரும். பல்லாண்டு எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து அவருடைய சிறு சிவப்பு நூல் 1992-இல் வெளிவந்தது. அவர் 1995 ஏப்ரல் 2 அன்று மறைந்தார். நோயுற்றிருந்த நாட்களிலும் தம் பழைய மாணவர் பென் கிரென்ஷாவுக்கு அவர் பாடம் சொன்னார். ஆசிரியரின் உடலைச் சுமந்து சென்ற கிரென்ஷா, அடுத்த ஞாயிறன்று தம் 43-ஆம் வயதில் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார்.

தகுதியும் தொடக்கமும்

இந்தியாவில் கோல்ஃப் ஆசிரியர்களுக்கான சான்றிதழ்ப் பயிற்சியை நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியா பல நிலைகளில் வழங்குகிறது. சான்றிதழ் பெற்றவுடன் தனித்து இயங்க முற்படுவதைவிட, அனுபவமிக்க ஆசிரியர் ஒருவரிடம் உதவியாளராகச் சில காலம் இருப்பது நலம். ஆட்ட விதிகள், 2020 முதல் உலகெங்கும் ஒரே முறையில் கணிக்கப்படும் ஹேண்டிகேப், முதலுதவி, சிறுவரைக் கையாளும் முறை ஆகியவற்றையும் கற்றல் வேண்டும். ஆங்கிலத்துடன் உள்ளூர் மொழியும் அறிந்தவரை நாடி வரும் மாணவர் மிகுதி. கேடியாக மைதானத்தை அறிந்த இளைஞருக்கும் இப்பயிற்சி உயர்வுக்கு வழி வகுக்கும்.

வருவாயைப் பேணுதல்

இத்தொழிலின் வருவாய் பருவத்தைச் சார்ந்தது. மும்பையில் தென்மேற்குப் பருவமழை பாடங்களை நிறுத்திவிடும். டெல்லியில் மே மாத வெயிலும் சனவரி மூடுபனியும் நேரத்தைக் குறைத்துவிடும். முதுகு அல்லது மணிக்கட்டு வலியால் சில வாரம் ஓய்வெடுக்க நேர்ந்தால் வருவாய் முற்றிலும் நின்றுபோகும். ஆகவே, ஆறு மாதக் குடும்பச் செலவுக்கு ஈடான தொகையைத் தனிக் கணக்கில் வைத்தல் முதல் கடமை. மருத்துவக் காப்பீடும் விபத்துக் காப்பீடும் அடுத்தவை.

சொந்தத் தொழில் செய்வோருக்கு வருங்கால வைப்பு நிதியைப் பிடித்து வைக்கும் நிறுவனம் இல்லை. 15 ஆண்டுக் காலம் கொண்ட பொது வருங்கால வைப்பு நிதியில் ஆண்டுக்கு ரூ.500 முதல் ரூ.1.5 லட்சம் வரை செலுத்தலாம். நல்ல மாதங்களில் மிகுதியாகவும் மழை மாதங்களில் குறைவாகவும் செலுத்த அதில் இடமுண்டு. பயிற்சிக் கருவிகள் வாங்கவோ சிறு பயிற்சிக்கூடம் அமைக்கவோ கடன் தேவைப்படின், சேவைத் தொழில்களுக்கும் பொருந்தும் முத்ரா திட்டம் குறித்துக் கிளை மேலாளரிடம் கேட்டறியலாம். பாடக் கட்டணத்தை ரொக்கமாகப் பெறாமல் வங்கிக் கணக்கின் வழியே பெற்றுவரின், கடன் கோரும் நாளில் அக்கணக்கே வருவாய்க்குச் சான்றாகும்.

பெற்றோரின் கேள்விக்கு இனி விடை கூறலாம். போட்டியில் வெல்லும் முயற்சிக்கு இத்தனை ஆண்டு, இவ்வளவு செலவு என்று பிள்ளையுடன் அமர்ந்து முன்கூட்டியே வரையறுங்கள். அக்காலத்திலேயே ஆசிரியச் சான்றிதழின் முதல் நிலையையும் முடிக்கச் செய்யுங்கள். பின்னர் எந்தத் திசையில் சென்றாலும், பிள்ளை கற்ற ஆட்டம் அவருக்குச் சோறிடும்.