சித்திரக்கதை வீரரும் அறிவியற் கல்வியும்

சித்திரக்கதை நூல்களை மாணவரிடமிருந்து பறித்துவைப்பது ஆசிரியர் வழக்கம். யானும் அவ்வாறு செய்தவனே. பறித்த நூலொன்றைப் படித்த பின்னர் என் கருத்துச் சிறிது மாறிற்று.

மாயவுலகிற் சிக்கிய வீரன் மந்திரத்தாலன்றி, கற்ற பாடத்தால் வெல்லும் கதைவகை ஒன்றுண்டு. 1889இல் மார்க் டுவைன் வெளியிட்ட நாவலில், ஆர்தர் மன்னன் காலத்துக்குச் சென்ற அமெரிக்கன் ஒருவன் சூரிய கிரகண நாளை அறிந்திருந்தமையால் உயிர் தப்புகின்றான். ஹெர்ஜேயின் டின்டினும் 1949இல் நூலாய் வந்த கதையில் இன்கா மக்களிடையே இதனையே செய்கின்றான். இவ்வுத்தி எனக்கு உவப்பன்று. ஞாயிற்றை வணங்கி, அதன் செலவை நோக்கி விழா வகுத்தோர் கிரகணத்துக்கு அவ்வாறு மருண்டனர் என்பது நம்பத்தக்கதோ? அன்றியும், அறியாரை அச்சுறுத்தும் கருவியாக ஈண்டு அறிவு தாழ்கின்றது. மந்திரவாதி செய்வதும் அஃதே.

சிவகாசி முத்து காமிக்ஸ் 1972இல் அறிமுகஞ்செய்த இரும்புக்கை மாயாவியோ மின்சாரம் பாய்ந்தாலன்றி மறையான். அது பாதி அறிவியல், மீதி மாயம்.

யான் பறித்த நூல், இனகாக்கி எழுத, போயிச்சி வரைந்து, யப்பானில் 2017 முதல் 2022 வரை தொடராக வந்த ‘டாக்டர் ஸ்டோன்’. மாந்தர் யாவரும் கல்லாகி 3700 ஆண்டுகள் கழிந்தபின் செங்கூ என்னும் மாணவன் வெறுங்கையனாய் விழிக்கின்றான். சிப்பியை இடித்துக் கல்சியம் காபனேற்றுப் பெற்றுச் சவர்க்காரம் செய்கின்றான். நியூமோனியாவுக்குச் சல்பா மருந்து சமைக்கின்றான். அதற்கு வேண்டிய கண்ணாடிக் கலங்களை ஊதித்தருபவன் கிராமத்து முதிய கைவினைஞனே. செங்கூ தன் அறிவை ஒளிப்பதில்லை; செய்முறையை யாவர்க்கும் உரைக்கின்றான். டின்டினுக்கும் அவனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பிழைகளும் உள. குகையில் வௌவால் எச்சத்திலிருந்து நைத்திரிக்கமிலம் சொட்டுவதாகக் கதை கூறும். உண்மையில் ஆண்டு விளைவது நைத்திரேற்று உப்பே. கமிலம் தானே சொட்டாது. இப்பிழையை வகுப்பிற் காட்டியபோது, பாடநூலிற் கமிலங்களைப் புறக்கணித்த மாணவரும் செவிசாய்த்தனர்.

செங்கூ, காந்தங்களினிடையே செப்புத் தட்டைச் சுழற்றி மின் பெறுகின்றான். பின்னர் நீர்ச்சில்லும் அமைக்கின்றான். 1985இல் திறக்கப்பெற்ற விக்டோரியா அணையின் 210 மெகாவாற்று நிலையமும் இவ்விதிக்கு உட்பட்டதே. பழைய தெல்தெனிய நகர் அந்நீருள் அமிழ்ந்த வரலாற்றை எம் மாணவர் பாட்டன்மார் வாயிலாக அறிவர். அந்நீர் எவ்வாறு விளக்கெரிக்கின்றது என்று அவர்கள் என்னை வினவியதோ, செங்கூவின் சில்லைக் கண்ட பின்னரேயாம்.