‘நெட்ல ஃப்ரீயாத்தானே இருக்கு?’ - ஆய்வுக் கட்டுரைப் படத்தை காப்பி செய்யும் முன்...

‘பிளாஸ் ஒன்’ ஆய்விதழில் வரும் கட்டுரைகளை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் படிக்கலாம். சரி, அதில் உள்ள வரைபடத்தை அப்படியே நம்ம பிபிடியில் ஒட்டலாமா? பெரும்பாலும் ஒட்டலாம். கட்டுரையை மொழிபெயர்க்கலாம், புத்தகமாக அச்சிட்டு விற்கவும் செய்யலாம். எழுதியவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. காரணம், பலரும் கவனிக்காத ‘சிசி பை’ என்ற சின்னக் குறிப்பு.

அமெரிக்காவின் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2002 டிசம்பரில் வெளியிட்ட உரிமங்களில் ஒன்று இது. எழுதியவர் பெயரைச் சொல்லிவிட்டுப் பயன்படுத்திக்கொள் என்பதுதான் சாரம்.

சிக்கலே அந்தப் பெயர் சொல்வதில்தான். ‘நன்றி: கூகுள்’, ‘படம்: இணையம்’ என்று போடுவது நம்மூர் வழக்கம். அது செல்லாது. ஆசிரியர் பெயர், மூலக் கட்டுரையின் லிங்க், எந்த உரிமம், அதன் லிங்க் எல்லாம் வேண்டும். வரைபடத்தின் குறிப்புகளைத் தமிழில் மாற்றினால், மாற்றியதையும் சொல்ல வேண்டும். படத்தின் கீழே ‘வேறு இதழின் அனுமதியுடன்’ என்றிருந்தால், அந்தப் படம் இந்த உரிமத்தில் சேராது.

பெயரை விட்டுவிட்டால்? உரிமம் தானாகவே ரத்தாகிவிடும். பிறகு அது சாதாரணப் பதிப்புரிமை மீறல்தான். 2013-ல் வந்த 4.0 பதிப்பில் ஒரு சலுகை உண்டு. தவறு தெரியவந்த 30 நாட்களுக்குள் சரிசெய்தால் உரிமம் திரும்பக் கிடைக்கும். பழைய 2.0, 3.0 பதிப்புகளில் அது கிடையாது. அந்த ஓட்டையை வைத்தே நோட்டீஸ் விட்டுப் பணம் கேட்பவர்களும் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். எனவே பதிப்பு எண்ணையும் பாருங்கள்.

இன்னொரு குழப்பம். உரிமம் காப்பது எழுத்தையும் படத்தையும் மட்டுமே, கருத்தை அல்ல. ஒருவரின் கண்டுபிடிப்பைச் சொந்த நடையில் எழுதி அவர் பெயரை மறைத்தால் உரிம மீறல் ஆகாது. ஆனால் அது அறிவுத் திருட்டு. நீதிமன்றம் கேட்காவிட்டாலும் பல்கலைக்கழகம் கேட்கும். நம் யுஜிசியின் 2018 விதிகளின்படி, ஆய்வேட்டில் நகல் 60 சதவீதத்தைத் தாண்டினால் மாணவரின் பதிவே ரத்தாகலாம்.

நீங்களே கட்டுரை எழுதுபவரா? உங்கள் எழுத்தை வேறொருவர் விற்பது பிடிக்காவிட்டால், இதழ் அனுமதித்தால் ‘சிசி பை-என்சி’யைத் தேர்ந்தெடுக்கலாம். ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. சப்மிட் செய்யும்போது அவசரமாக டிக் அடிக்கும் கட்டத்தில்தான் அது இருக்கிறது.