அவசரக்கார ஒபாசம்

நியூஜெர்சியிலோ டெக்சாஸிலோ பிள்ளை வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டு ஊர் திரும்பும் அப்பா, அம்மாக்கள் சொல்லும் கதைகளில் ஒன்று, ராத்திரி குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் பார்த்த 'ராட்சசப் பெருச்சாளி'. பூனை அளவு உடம்பு, வெளுத்த கூம்பு முகம், மயிரில்லாத வால், வாயைத் திறந்தால் 50 பல். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் பெருச்சாளிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அது வர்ஜீனியா ஒபாசம். கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும் இனம். மெக்சிகோவுக்கு வடக்கே இயற்கையாக வாழும் பைப்பாலூட்டி இது ஒன்றுதான்.

அழகில்லை, பெரிய மூளையில்லை, ஓட்டத்திலும் சுமார். வேட்டையாட நாய், பருந்து, கொம்பு ஆந்தை என்று வரிசையே நிற்கிறது. இருந்தும் கனடாவின் தெற்கு எல்லை வரை போய்க் குடியேறியிருக்கிறது. அங்குள்ள குளிரில் காது நுனியும் வால் நுனியும் உறைந்து கருகி உதிர்ந்துவிடும். மிச்சத்தோடு பிழைப்பை நடத்தும். இதெல்லாம் எப்படி முடிகிறது? எதையும் அவசரமாகச் செய்து முடித்துவிடுகிறது என்பதுதான் என் பதில்.

கர்ப்ப காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் 12, 13 நாள். பிறக்கும் குட்டி ஒரு தேனீ அளவுதான் இருக்கும். கண் இல்லை, காது இல்லை, பின்னங்கால் வெறும் மொட்டு. முன்னங்கால்கள் மட்டும் நகத்தோடு தயாராக இருக்கும். அந்த இரண்டு கையால் தாயின் வயிற்று மயிரைப் பற்றிப் பற்றி, ஏறக்குறைய நீந்துவதுபோல், பைக்குள் போய்ச் சேர வேண்டும். உள்ளே காம்பு பெரும்பாலும் 13தான். பிறப்பதோ இருபதும் இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். முந்திக் காம்பைக் கவ்வியது பிழைக்கும். பிந்தியது அங்கேயே சாகும். கவ்விய காம்பு வாய்க்குள் உப்பிக்கொள்வதால் குட்டி பல வாரம் அதை விடாது. இரண்டு மாதத்துக்குப் பிறகு பையிலிருந்து எட்டிப் பார்த்து, தாயின் முதுகில் கூட்டமாகச் சவாரி செய்யும்.

ஆண் ஒபாசத்தின் குறி இரண்டாகக் கிளைத்திருப்பதைப் பார்த்த அக்கால அமெரிக்கர்கள், இது மூக்கு வழியாகக் கருவுற்று, குட்டிகளைப் பைக்குள் தும்மிப் போடுகிறது என்றே நம்பினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஹார்ட்மன் பக்கத்தில் உட்கார்ந்து பிரசவத்தைப் பார்த்து எழுதிய பிறகுதான் அந்தத் தும்மல் அடங்கியது.

இவ்வளவு வேகமாகப் பிறப்பது வேகமாகச் சாகவும் செய்கிறது. காட்டில் இரண்டு வயதைத் தாண்டுவது அபூர்வம். இந்த அளவு உடம்புள்ள பாலூட்டிக்கு இது மிகக் குறைவு. ஒன்றரை வயதிலேயே கண்ணில் புரை விழுந்து, கிழம் தட்டிவிடும். ஸ்டீவன் ஆஸ்டாட் என்ற உயிரியலாளர் இதற்குக் காரணம் தேடி ஜார்ஜியா கரையோரம் உள்ள சபேலோ தீவுக்குப் போனார். பல ஆயிரம் ஆண்டுகளாக நிலத்திலிருந்து பிரிந்துகிடக்கும் தீவு அது. ஒபாசத்தைத் தின்னும் பாலூட்டிகள் அங்கே இல்லை. 1993இல் அவர் வெளியிட்ட முடிவு இன்றும் முதுமை ஆய்வுகளில் பேசப்படுகிறது. தீவு ஒபாசங்கள் நிலத்து ஒபாசங்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தன, ஒரு ஈற்றில் குறைவாக ஈன்றன. வாலின் தசைநாண்கூட மெதுவாகவே முதுமை அடைந்தது. எப்படியும் நாளை எவனோ தின்னப்போகிறான் என்றால் உடம்பைப் பராமரித்து என்ன பயன்? அந்தக் கணக்கைத் தலைமுறை தலைமுறையாக இயற்கைத் தேர்வு போட்டிருக்கிறது.

ஆபத்து நெருங்கினால் செத்ததுபோல் விழுந்துகிடப்பது ஒபாசத்தின் இன்னொரு வழி. வாய் பிளந்து, எச்சில் வழிந்து, பின்புறம் நாற்றமெடுக்கும் பச்சைத் திரவம் கசியும். அதை நடிப்பு என்கிறோம். விலங்கோ தன் இஷ்டத்துக்கு இதைச் செய்வதில்லை, மயக்கம்போல் தானாக வருவது. சில நிமிஷத்திலும் எழும், சில மணி நேரமும் ஆகும்.

இணையத்தில் ஒபாசத்துக்கு இன்னொரு புகழ் உண்டு: ஒரு பருவத்தில் 5,000 உண்ணியைத் தின்று, உண்ணி பரப்பும் லைம் நோயிலிருந்து மனிதரைக் காக்கிறதாம். கூண்டு விலங்கின் மேல் உண்ணிகளை விட்டு, காணாமல்போனவை எல்லாம் தின்னப்பட்டவை என்று எண்ணிய ஆய்விலிருந்து கிளம்பிய கதை இது. 2021இல் இல்லினாய்ஸில் 32 காட்டு ஒபாசங்களின் இரைப்பையைத் திறந்து பார்த்தார்கள். ஒரு உண்ணிகூட இல்லை. இந்தப் பொய்ச் சான்றிதழ் அதற்குத் தேவையே இல்லை என்பேன். விரியன் வகைப் பாம்புகளின் விஷத்தைத் தாங்குகிற ரத்தம் இருக்கிறது, அது போதாதா?

குப்பைத் தொட்டியில் பார்க்கும் இந்த ஒன்றை வைத்து மொத்தக் குடும்பத்தையும் எடைபோடக் கூடாது. ஒபாசங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை தென் அமெரிக்காவில். பலவற்றுக்குப் பையே கிடையாது, குட்டிகள் வெளியே தொங்கும். யாபோக் என்னும் நீர் ஒபாசத்துக்கோ நீர் புகாமல் மூடிக்கொள்ளும் பை. ஆணுக்கும் பை உண்டு.

அதே கண்டத்தில், ஒபாசம் வரிசையில் சேராத ஆனால் ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டிகளுக்கு நெருங்கிய சொந்தமான ஒரு குட்டி விலங்கு இருக்கிறது: மோனிட்டோ டெல் மோன்டே. உள்ளங்கையில் அடங்கும். குளிர்காலம் முழுக்க உறங்கும். அர்ஜென்டினா, சிலி நாடுகளின் தெற்குக் காடுகளில் வளரும் ஒரு புல்லுருவியின் பழத்தை இது தின்று, விதையைக் கிளையில் கழித்தால்தான் அது ஒட்டி முளைக்கிறது. 2000ஆம் ஆண்டு அமிகோ, ஐசன் என்ற ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். குளிர்காலத்தில் அந்தப் புல்லுருவிப் பூவின் தேன்தான் அங்குள்ள ஹம்மிங் பறவைக்கு ஆதாரம். மரம் வெட்டி மோனிட்டோ போய்விட்டால் மற்ற இரண்டும் ஆட்டம் காணும்.

அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கொல்லையில் ஒபாசம் செத்ததுபோல் கிடந்தால் நாயை உள்ளே கட்டிவிட்டு, அதை அப்படியே விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அது தானே எழுந்து போய்விடும். சாலையில் அடிபட்டது தாயாக இருந்தால் பையில் குட்டி உயிரோடு இருக்கலாம். காம்பிலிருந்து இழுக்காதீர்கள், வாய் கிழிந்துவிடும். அந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற வனவிலங்கு மீட்பாளரைக் கூப்பிடுங்கள்.